ஹலேயாகலா எரிமலையிலிருந்து வழிகாட்டியின்றி மிதிவண்டியில் இறங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மாவுய்க்குச் செல்லும் பயணிகள் பலர், ஹலேயாகலா மலைச்சரிவிலிருந்து கடற்கரை வரை மிதிவண்டியில் இறங்கிவர விரும்புகிறார்கள். அவ்வாறு இறங்கிய அனுபவத்தையும், பின்னர் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் வைத்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் விதிமுறைகளும் மாறக்கூடியவை என்பதால், புறப்படுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியில்லாப் பயணம் என்றால் என்ன?

உங்கள் காரை மிதிவண்டி நிறுவனத்தின் கடையில் நிறுத்திவிட்டு, அவர்களுடைய வேனில் மலைமேல் ஏறுகிறீர்கள். ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில், தேசியப் பூங்காவின் எல்லைக்குச் சற்று வெளியே, உங்களையும் வண்டியையும் இறக்கிவிடுகிறார்கள். அதன்பின் முன்னால் ஒரு வழிகாட்டியும் இல்லை, பின்னால் ஒரு துணை வேனும் இல்லை. சுமார் 23 மைல், அதாவது 37 கிலோமீட்டர், பொதுச் சாலையில் நீங்களே இறங்கி, பாயியா என்னும் கடலோரச் சிற்றூருக்கோ அதற்கு அருகிலுள்ள கடைக்கோ வந்து வண்டியை ஒப்படைக்க வேண்டும். நிற்க வேண்டிய இடத்தையும் உணவுக்கான ஊரையும் நீங்களே முடிவுசெய்கிறீர்கள். வழிகாட்டியுடன் போகும் குழுவில் எல்லோரும் ஒரே வேகத்தில், வரிசை குலையாமல் இறங்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டாயம் இல்லாதது இதன் நன்மை. நீங்கள் தவறு செய்யும்போது தடுத்துச் சொல்ல ஒருவரும் உடன் இல்லாதது இதன் குறை.

10,023 அடி உயரச் சிகரத்திலிருந்தே இறங்க முடியாதா?

நிறுவனங்களின் வழியாக முடியாது. 1980-களில் தொடங்கி நெடுங்காலம் அப்படித்தான் இறங்கினார்கள். 2007-ஆம் ஆண்டில் ஒரு பயணி விபத்தில் உயிரிழந்ததை அடுத்து, அவ்வாண்டு அக்டோபரில் பூங்காவுக்குள் வணிக நோக்கிலான மிதிவண்டி இறக்கங்களைத் தேசியப் பூங்கா நிர்வாகம் நிறுத்திவைத்தது. அன்றுமுதல் எல்லா நிறுவனங்களும் எல்லைக்கு வெளியிலிருந்தே தொடங்குகின்றன. விளம்பரங்களில் சிகரத்தின் படமும் மிதிவண்டியின் படமும் அருகருகே அச்சாகியிருந்தாலும், மிதிவண்டி தொடங்கும் இடம் அதற்கு 3,500 அடி கீழே இருக்கிறது.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வைத்திருக்கும் தனிநபர், பூங்காவின் நுழைவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, தார்ச்சாலையில் மட்டும் ஓட்டலாம். நடைபாதைகளில் மிதிவண்டிக்கு அனுமதி கிடையாது. முதன்முறை செல்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேற்பகுதியில் பல இடங்களில் சாலையோரத் தடுப்பு இல்லை. எதிரே வரும் ஓட்டுநர்களின் கண்களோ சாலையைவிடக் காட்சியின் மீதே அதிகம் இருக்கின்றன.

எரிமலை என்கிறீர்களே, அது வெடிக்காதா?

ஹலேயாகலா ஒரு கேடய எரிமலை. நீர்மமான எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததால், கவிழ்த்துவைத்த கேடயம்போல் அகன்று, மெல்லச் சரிந்து இறங்கும் வடிவம் அதற்கு வாய்த்திருக்கிறது. கடைசியாக அது குழம்பைக் கக்கியது ஏறத்தாழ 400 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பு என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் கணித்துள்ளது. எதிர்காலத்தில் மீண்டும் கக்கக்கூடும் என்றாலும், உங்கள் விடுமுறையை அதற்காக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மிதிவண்டிக்காரர் அஞ்சவேண்டியவை எரிமலைக்குழம்பைவிடக் கார்களும் ஈரமான தார்ச்சாலையும்தான்.

எரிமலையின் வடிவத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கேடய வடிவத்தால்தான் கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு 38 மைலுக்குள் ஒரு சாலையை அமைக்க முடிந்தது. 1935-இல் அது திறந்துவைக்கப்பட்டது. அதே வடிவத்தால்தான் இறக்கம் எங்கும் செங்குத்தாக விழாமல், அதே வேளையில் எங்கும் முடிந்துவிடாமல், சராசரியாக நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில் நீண்டுகொண்டே போகிறது. செங்குத்தான சரிவு நம்மைத் தானே எச்சரித்துவிடும். இந்த மிதமான சரிவு எச்சரிப்பதில்லை.

சிகரத்தில் ‘எரிமலை வாய்’ என்று எல்லோரும் சொல்லும் பெரும் பள்ளம் உண்மையில் எரிமலை வாய் அன்று. மழைநீர் அரித்து உருவாக்கிய இரு பெரும் பள்ளத்தாக்குகள் மேலே ஒன்றோடொன்று கலந்ததால் உண்டானது அது. பிற்காலத்துக் குழம்பும் சாம்பற்கூம்புகளும் அதன் தரையை நிரப்பியிருக்கின்றன.

சிகரத்தில் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு, அன்றே மிதிவண்டியில் இறங்கலாமா?

இரண்டையும் சேர்த்து விற்கும் நிறுவனங்கள் உண்டு. பெரும்பாலானோர் அதைத்தான் வாங்குகிறார்கள். வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

ஹலேயாகலா என்ற ஹவாய்ச் சொல்லுக்குச் ‘சூரியனின் வீடு’ என்று பொருள். பகற்பொழுது மிகக் குறுகியதாக இருந்ததால், தன் தாய் ஹீனா மரப்பட்டைத் துணியை உலர்த்த முடியாமல் வருந்துவதைக் கண்ட மாவுய் என்னும் வீரன், இம்மலையுச்சியில் பதுங்கியிருந்து சூரியனைக் கயிற்றால் கட்டி, மெதுவாகச் செல்லும்படி பணித்தான் என்பது ஹவாய் மக்களின் கதை. அங்கே காணும் உதயம் உண்மையிலேயே அரியது. மேகப்பரப்பு காலுக்குக் கீழே கடல்போல் கிடக்க, அதன் விளிம்பிலிருந்து கதிரவன் எழுவான். அதைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அதற்காக நள்ளிரவு தாண்டி இரண்டு அல்லது மூன்று மணிக்கே வேனில் ஏறவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஊர்நேர மாற்றத்தால் உறக்கம் ஏற்கெனவே குலைந்திருக்கும். சிகரத்தில் உறைநிலைக்கு அருகிலான குளிரில், காற்றில், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பீர்கள். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சுமார் 30 விழுக்காடு குறைவு. அந்த நிலையிலிருந்து நேரே இறங்கிவந்து, விறைத்த விரல்களோடு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பவேண்டும். இந்தப் பயணம் கால்களிடம் அதிகம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் கண்ணின் விழிப்பும் கையின் நிதானமும்தான். நள்ளிரவில் எழுந்தவரிடம் அவை இரண்டும்தான் குறைவாக இருக்கும்.

உதயத்தை வேறொரு நாளில் சொந்தக் காரில் சென்று பாருங்கள். அதிகாலை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையே பூங்காவுக்குள் நுழையும் ஒவ்வொரு காருக்கும் இணையத்தில் முன்பதிவு கட்டாயம். 2017 பிப்ரவரி முதல் இந்த நடைமுறை இருக்கிறது. முன்பதிவுக்குக் காருக்கு 1 டாலர். 60 நாட்களுக்கு முன்பிருந்தே பதியலாம். நுழைவுக் கட்டணமாகக் காருக்கு 30 டாலர் தனி. அது மூன்று நாட்களுக்குச் செல்லும். பூங்காவுக்குள் உணவும் பெட்ரோலும் கிடைக்காது. போகும் வழியில் நேனே என்னும் ஹவாய் வாத்து சாலையைக் கடக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ முப்பது பறவைகளாகக் குறைந்துபோய், மனிதர் வளர்த்து மீட்டெடுத்த இனம் அது. இன்றும் அது கார்களில் அடிபட்டு இறக்கிறது என்பதால், இருட்டில் மிக மெதுவாக ஓட்டுங்கள்.

அப்படியானால் எந்த நேரத்தில் இறங்குவது நல்லது?

காலை எட்டு மணிக்கு மேல் மலைமேல் இறக்கிவிடும் வேனைத் தேர்ந்தெடுங்கள். உதயம் பார்த்துத் திரும்பும் கார்களின் நெரிசல் அப்போது தணியத் தொடங்கியிருக்கும்; தார்ச்சாலையிலும் இரவுப் பனியின் ஈரம் உலர்ந்துவிட்டிருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் ஏறுகிறது. ஏறத்தாழ 5,000 முதல் 8,000 அடி உயரத்தில் வெப்பமான காற்றடுக்கு ஒன்று மூடிபோல் அமர்ந்திருப்பதால், ஏறிவந்த ஈரம் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே மேகமாகத் திரள்கிறது. வெயில் ஏற ஏற இந்த மேகமும் திரண்டு, நண்பகலுக்குள் பல நாட்களில் நடுச்சரிவை மூடிவிடும். தாமதித்துப் போகிறவர் கீழே பார்க்கவேண்டிய கடலுக்குப் பதிலாக, இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத வெண்மையைப் பார்க்க நேரலாம். அது வெறும் ஏமாற்றம் மட்டும் அன்று. எதிரே வரும் காருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

அடர்ந்த மூடுபனிக்குள் நுழைய நேர்ந்தால், விளக்கைப் போட்டுக்கொண்டு, சாலையை விட்டு முழுமையாக விலகி நின்று, அது கலையும் வரை காத்திருப்பதே சரி. நான் ஒருமுறை அரை மணி நேரம் வேலியோரம் நின்றேன். பக்கத்தில் மாடுகள் மேயும் ஓசை கேட்டது. ஒரு மாடும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நல்ல உடல்வலிமை வேண்டுமா? யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

வலிமை அதிகம் தேவையில்லை. சில சமவெளித் துண்டுகளிலும் சிறு மேடுகளிலும் மட்டும் மிதிக்க வேண்டியிருக்கும். ஆனால் மிதிவண்டி ஓட்டும் பழக்கம் கட்டாயம் தேவை. சிறுவயதில் கற்று, இருபது ஆண்டுகளாகத் தொடாதவர், ஊரிலேயே சில வாரங்கள் ஓட்டி, இறக்கத்தில் திரும்புவதையும் ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவதையும் பழகிக்கொண்டு வரவேண்டும். மலையில் வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு.

கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இதய நோயோ மூச்சுக்கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. ஆழ்கடலில் அழுத்தக் காற்று உருளையுடன் மூழ்கியவர்கள் அதன்பின் குறைந்தது 24 மணி நேரத்துக்கு இம்மலையில் ஏறவே கூடாது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், அழுத்தம் குறையும் உயரத்தில் குமிழிகளாக வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மாவுய் தீவில் ஆழ்கடல் மூழ்கலும் மலைப்பயணமும் ஒரே வார விடுமுறையில் அடங்கிவிடுவதால் இந்த எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறேன்.

பிரேக்கை எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

வண்டியோடு சேர்த்து 90 கிலோ எடையுள்ள ஒருவர் 6,500 அடி இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறை வெப்பநிலையில் உள்ள ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை வாங்கிக்கொள்ளும். மற்றதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகவே இறங்கும். மெதுவாகப் போகிறவருக்குக் காற்றின் தடை குறைவு என்பதால், பிரேக்கின் மீது விழும் சுமை இன்னும் அதிகம். எனவே பயந்துபோய் பிரேக்கை முதலிலிருந்து கடைசி வரை இலேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் மிக மோசமான பழக்கம். பிரேக் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காமல் சூடேறிக்கொண்டே போகும். பிடிமானமும் குறைந்துகொண்டே வரும். சற்று வேகம் எடுக்கவிட்டு, பின் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து உறுதியாக அழுத்தி வேகத்தை நன்கு குறைத்து, மீண்டும் விடவேண்டும். இப்படி விட்டு விட்டுப் பிடித்தால் இடையிடையே காற்று பட்டு உலோகம் ஆறும்.

முன் பிரேக்கைக் கண்டு அஞ்சி, பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் பலர். இறக்கத்தில் எடை முன்சக்கரத்தின் மீது சாய்வதால், பின் பிரேக் மட்டும் வண்டியை நிறுத்தாது, பின்சக்கரம் வழுக்கும். முன் பிரேக்கைத் திடீரென்று பற்றினால் தலைகுப்புற விழ நேரிடும் என்பதும் உண்மை. ஆகவே இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தம் கூட்டி, உடலை இருக்கையில் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு வருவதற்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பிடி இழக்கும். திரும்பும்போது வெளிப்புற மிதிகட்டை கீழே இருக்கட்டும். கண்கள் முன்சக்கரத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். வண்டி, கண் போகும் இடத்துக்கே போகும். பள்ளத்தை உற்றுப் பார்ப்பவர் பள்ளத்தை நோக்கியே செல்வார். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் இறங்கினாலே போதும் என்பேன். இதைக் கேட்டுச் சிரித்த என் மைத்துனர், முதல் மூன்று வளைவுகளைக் கடந்ததும் என்னைவிட மெதுவாக வந்தார்.

மேய்ச்சல் நிலங்களின் எல்லையில், மாடுகள் கடக்காமல் இருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பதித்திருப்பார்கள். அவற்றை நேர்குத்தாகக் கடக்க வேண்டும். கடக்கும்போது திரும்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. ஈரமாக இருந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்லுங்கள்.

சாலையின் எந்தப் பக்கத்தில் ஓட்ட வேண்டும்?

வலப்பக்கத்தில். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு, இது நினைவில் இருந்தாலும் கை மறந்துவிடும். ஆள்நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில் ஒருமுறை நின்று படம் எடுத்துவிட்டு மீண்டும் புறப்படும்போதுதான், பழக்கம் நம்மை இடப்பக்கத்துக்கு இழுத்துச் செல்லும். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் ‘மலைச்சாலை, வலப்பக்கம்’ என்று வாய்விட்டே சொல்லிக்கொள்வது என் வழக்கம். வாடகை வண்டிகளில் இன்னொரு மாற்றமும் உண்டு: அமெரிக்க வண்டிகளில் இடக்கைப் பிடி பெரும்பாலும் முன் பிரேக்குக்கு உரியது. நம் ஊரில் பல வண்டிகளில் அது நேர்மாறாக இருக்கும். சமதரையில் சோதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கடையில் வண்டியை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கூச்சப்படாமல் பாருங்கள். பிரேக் பிடி, கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே வரக்கூடாது. எனக்கு முதலில் கொடுத்த வண்டியில் பின் பிரேக் அப்படித்தான் இருந்தது. கேட்டதும் மறுபேச்சில்லாமல் வேறு வண்டியை மாற்றிக் கொடுத்தார்கள், கேட்டிருக்காவிட்டால் அதே வண்டியில் இறங்கியிருப்பேன். டிஸ்க் பிரேக் உள்ள வண்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ரிம்மை அழுத்தும் பழைய வகை பிரேக், நீண்ட இறக்கத்தில் ரிம்மையும் அதோடு டயரையும் சூடாக்கும். டயரில் வெடிப்பு இல்லை, இருக்கையின் உயரம் நீங்கள் அமர்ந்தபடியே தரையில் கால் ஊன்றத்தக்கதாக இருக்கிறது, தலைக்கவசம் ஆடாமல் பொருந்துகிறது என்பவற்றையும் உறுதிசெய்யுங்கள். ஹவாய்ச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டவருக்கே தலைக்கவசம் கட்டாயம் என்றாலும், எந்த வயதினரும் அது இல்லாமல் இந்த மலையில் இறங்குவது அறிவீனம். முகத்தை மூடும் வகைக் கவசம் தந்தால் மறுக்காமல் அணியுங்கள்.

வழி எப்படி இருக்கும்?

தொடக்கத்தில் மரங்கள் குறைவு. திறந்த மேய்ச்சல் நிலத்தின் நடுவே சாலை வளைந்து வளைந்து இறங்கும். வானம் தெளிந்திருந்தால், மாவுய் தீவு முழுவதும் ஒரு நிலப்படம்போல் கீழே விரிந்திருக்கும். இரண்டு எரிமலைகளும் அவற்றை இணைக்கும் தாழ்ந்த நிலமுமாகச் சேர்ந்ததே இத்தீவு என்பது அங்கிருந்து பார்த்தால்தான் புரியும். எதிரே மேற்கு மாவுய் மலைகள், நடுவே தாழ்நிலம், இருபுறமும் கடல். இதைப் பார்க்க ஓட்டத்தில் தலையைத் திருப்பாதீர்கள், ஒதுங்கி நின்று பாருங்கள். தொடக்கத்திலுள்ள இந்த 378-ஆம் எண் சாலையில்தான் கொண்டை ஊசி வளைவுகள் நெருக்கமாக இருக்கின்றன. கீழே இறங்க இறங்க யூகலிப்டஸ் தோப்புகள் வரும். அவற்றின் வாசனை நன்றாக இருக்கும். உதிர்ந்த பட்டையும் இலையும் சாலையில் கிடந்தால் சக்கரம் வழுக்கும்.

பிறகு 377-ஆம் எண் சாலையில் சேர்ந்து, கூலா வட்டாரத்தின் விளிம்பைத் தொட்டுச் செல்வோம். வெங்காயமும் பூக்களும் விளையும் குளிர்ந்த செம்மண் சரிவு அது. 2023 ஆகஸ்டில் லஹாயினா நகரைக் காட்டுத்தீ அழித்த அதே நாட்களில் மூண்ட மற்றொரு தீ கூலாவிலும் வீடுகளை எரித்தது. வீடிழந்தவர்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, எரிந்த மனைகளைப் படமெடுப்பதைத் தவிருங்கள்.

அதன்பின் மகவாவோ. பனியோலோ என்று அழைக்கப்படும் ஹவாய் மாட்டுக்காரர்களின் ஊர். 1830-களில் மெக்சிகோவிலிருந்து வந்த மாட்டுக்காரர்கள் ஹவாய் மக்களுக்குக் குதிரையேற்றமும் கயிறு வீசலும் கற்றுக்கொடுத்தார்கள். ‘எஸ்பான்யோல்’ என்ற சொல்லே ஹவாய் நாவில் ‘பனியோலோ’ ஆயிற்று. 1916-இல் தொடங்கப்பட்ட கொமோடா பேக்கரியின் கிரீம் பஃப் இங்கே புகழ்பெற்றது. தீர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே போகவேண்டும். உணவுக்கு நிற்க இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. ஆனால் ஊரின் கடைவீதி குறுகலானது. வண்டியை நடைபாதையில் குறுக்கே சாய்த்துவைக்காதீர்கள்.

மகவாவோவிலிருந்து பால்ட்வின் அவென்யூ சுமார் ஏழு மைல் இறங்கிப் பாயியாவை அடைகிறது. சாலையின் பெயருக்குரிய பால்ட்வின் குடும்பம், இத்தீவின் கரும்புத் தோட்டங்களை ஆண்டது. வழியோரம் நிற்கும் கருங்கல் மகவாவோ யூனியன் தேவாலயம், ஹென்றி பெரைன் பால்ட்வினின் நினைவாக 1917-இல் கட்டப்பட்டது. அதற்குக் கீழே, 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பழைய பாயியா சர்க்கரை ஆலை துருவேறி நிற்கிறது. ஹவாயின் கடைசிச் சர்க்கரை ஆலையான புவுநேனேவும் 2016 டிசம்பரோடு நின்றுவிட்டது. இந்த ஏழு மைலில் வளைவுகள் குறைவு, கார்கள் அதிகம், சாலையோர ஒதுக்குப்பகுதி பல இடங்களில் ஒடுக்கம். களைப்பும் ‘முடிந்துவிட்டது’ என்ற எண்ணமும் சேர்ந்து வருவதால், இங்கேதான் கவனம் தளரும்.

என்ன உடை அணிய வேண்டும்?

தொடங்கும் இடம் கடற்கரையைவிட ஏறத்தாழ 11 பாகை செல்சியஸ் குளிர்ந்திருக்கும்; ஓட்டத்தில் வீசும் காற்று அதை இன்னும் கூட்டும். பருத்திச் சட்டை ஈரமானால் குளிரை உடலோடு ஒட்டவைக்கும் என்பதால், காற்றும் மழையும் புகாத மேற்சட்டையும், அதனுள்ளே கழற்றக்கூடிய ஓர் அடுக்கும் போதும். விரல் முழுவதும் மூடும் கையுறை, முன்புறம் மூடிய காலணி, கண்ணாடி ஆகியவை வேண்டும். சேலை, துப்பட்டா, தளர்ந்த கால்சட்டை ஆகியவை சங்கிலியில் சிக்கும். கழற்றிய உடைகளை வைக்க முதுகுப்பை எடுத்துச் செல்லுங்கள். கைப்பிடியில் பையைத் தொங்கவிடாதீர்கள்.

உள்ளூர் மக்கள் இதை விரும்புகிறார்களா?

எல்லோரும் விரும்புவதில்லை என்பதே நேர்மையான பதில். அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவரிடமும் செல்லும் சாலையும் இதுதான். நாள்தோறும் பயணிகள் கூட்டமாக, ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் பேசிக்கொண்டு இறங்கினால், பின்னால் கார்கள் நீண்ட வரிசையில் ஊர்ந்து வரவேண்டியிருக்கும். இதைப் பற்றிய புகார்களும், மாவட்ட மன்றத்தில் கட்டுப்பாடுகள் குறித்த விவாதங்களும் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன.

ஆகவே ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள். இருவருக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கட்டும். பின்னால் ஒரு கார் வந்தாலே, பாதுகாப்பான முதல் ஒதுக்கிடத்தில் நின்று வழிவிடுங்கள். வேகத்தைக் கூட்டி அதன் முன்னே ஓட முயல்வதுதான் பல விபத்துகளின் தொடக்கம். வளைவிலும் தனியார் வீட்டு வாசலிலும் நிற்காதீர்கள். வழிவிட்டால் ஓட்டுநர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி அசைப்பார். அது நன்றி சொல்லும் ஹவாய்ச் சைகை.

பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தபட்ச வயதும் உயரமும் வைத்திருக்கின்றன. பொதுவாகப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களையே ஏற்கின்றன. வயதைவிட, சொன்னால் சொன்ன இடத்தில் நிற்கும் பிள்ளையா என்பதே முக்கியம். பெரியவர்களில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் செல்ல வேண்டும். பதின்வயதினருக்குள் போட்டி வந்துவிடும் என்று தோன்றினால், வேனிலேயே திரும்புங்கள்.

வழியில் பஞ்சரானாலோ, விழுந்துவிட்டாலோ?

நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை வண்டி எடுக்கும்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். சரிவின் சில இடங்களில் அலைவரிசை கிடைக்காது என்பதால் நிலப்படத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சருக்குப் பெரும்பாலும் அவர்களே வந்து மாற்றித் தருவார்கள். காத்திருக்கும் நேரம் மட்டும் உங்களுடையது. காயத்துக்கு 911 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தீவின் பெரிய மருத்துவமனை வைலுக்குவில், மலைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது.

அமெரிக்காவில் எலும்பு முறிவுக்கான செலவு, விமானக் கட்டணத்தைப் பல மடங்கு தாண்டும். உங்கள் பயணக் காப்பீடு மிதிவண்டி இறக்கத்தையும் உள்ளடக்குகிறதா, அல்லது ‘சாகச விளையாட்டு’ என்று விலக்கிவைக்கிறதா என்பதைப் புறப்படுமுன் படித்துப் பாருங்கள். கடையில் கையெழுத்துக் கேட்கும் பொறுப்புத்துறப்புப் பத்திரத்தையும் அப்படியே. அதில் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு நீங்கள் எவ்வளவு தரவேண்டும் என்ற வரி எங்காவது இருக்கும்.

மிதிவண்டியில் ஏறவும் முடியுமா?

பாயியாவிலிருந்து சிகரம் வரை மிதித்து ஏறுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே மூச்சில் பத்தாயிரம் அடி ஏறும் சாலை உலகில் மிகச் சில. அதற்கு மாதக்கணக்கான பயிற்சி தேவை. அது வேறொரு பயணம்.

எவ்வளவு நேரம் ஆகும்? பாயியாவில் என்ன செய்யலாம்?

நிற்காமல் வந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பார்த்து, சாப்பிட்டு வந்தால் நான்கு மணி நேரம். வண்டியைத் திருப்பித் தரவேண்டிய நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துசேரும்படி திட்டமிடுங்கள். கடைசி நேர அவசரம் பால்ட்வின் அவென்யூவில் உதவாது. பிற்பகலில் கடற்கரையை நெருங்கும்போது எதிர்க்காற்று பலமாக வீசும். இறக்கத்திலேயே மிதிக்க வேண்டிய விந்தை அப்போது நேரும்.

பாயியா ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர். இப்போது பாய்மரச் சறுக்குக்காரர்களின் ஊர். வண்டியை ஒப்படைத்தபின், சற்றுக் கிழக்கே ஹோவோகிப்பா கடற்கரைக்குக் காரில் சென்றால், மாலையில் பச்சைக் கடலாமைகள் மணலில் ஏறிவந்து உறங்குவதைக் காணலாம். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; தொலைவில் நின்றுதான் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் வலிப்பது கால் அன்று, பிரேக் பிடித்த முன்கைதான். அதற்கு வெந்நீர் ஒத்தடம் போதும்.